தேங்காய் நார்த்தூளில் வைத்த செடி ஏன் வளராமல் நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலிலேயே செடி விற்கிறேன். வாங்கிப் போனவர்கள் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருவார்கள், இல்லையென்றால் புதுச்சேரியிலிருந்து போட்டோ அனுப்புவார்கள். "அக்கா, செடி சாகவும் இல்ல, வளரவும் இல்ல." விசாரித்தால் பெரும்பாலும் கோகோ பீட் என்று கடையில் விற்கிற தேங்காய் நார்த்தூளில், வீட்டுக்குள் வைத்த செடியாக இருக்கும். ஒரே பதிலை எத்தனை முறை போனில் சொல்வது? அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன். முடிந்தால் முதலிலிருந்து படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

கோகோ பீட்டும் மண்ணு மாதிரிதானே அக்கா? அப்புறம் ஏன் இதுல மட்டும் வளர மாட்டேங்குது?

மண் மாதிரி தெரியும், அவ்வளவுதான். தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நாரை உரித்தபின் மிஞ்சுகிற தூள் இது. தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதே சமயம் வேருக்குக் காற்றும் விடும். ஆனால் செடி தின்பதற்கு அதில் ஏதுமில்லை. சாம்பல் சத்து (பொட்டாசியம்) கொஞ்சம் உண்டு, தழைச்சத்து (நைட்ரஜன்) அநேகமாகக் கிடையாது. தட்டு பெரிசு, சோறுதான் இல்லை.

இதோடு இன்னொரு சிக்கல். மக்காத நார்த்தூளில் கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்க வருகிற நுண்ணுயிர்கள், நீங்கள் செடிக்கு என்று கொடுத்த தழைச்சத்தில் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைப்பார்கள். அப்போதுதான் 112:1 என்றிருந்த கரிம, தழைச்சத்து விகிதம் 24:1 அளவுக்கு இறங்குகிறது. கடையில் கட்டியாக விற்பது அப்படி மக்க வைத்தது இல்லை.

கட்டியை ஊறவச்சேன், உதிர்த்தேன், அப்படியே தொட்டியில போட்டுட்டேன். தப்பா?

நல்ல கட்டியாக இருந்தால் தப்பில்லை. எது நல்ல கட்டி என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை. தென்னை உப்பு விரும்பும் மரம். கன்று நடுகிற குழியில் நம் பக்கத்தில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பெல்லாம் மட்டையிலும் இருக்கும். சில இடங்களில் நார் எடுப்பதற்காக மட்டையைக் காயல் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள், அதில் இன்னும் ஏறும். ஆலையில் நன்றாகக் கழுவிய தூளுக்கும் கழுவாத தூளுக்கும் நிறத்தில் வித்தியாசம் இருக்காது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஆறு பீஸ் லில்லியைப் பறிகொடுத்து. விலை குறைவு என்று ஒரு கடையில் மொத்தமாக வாங்கிய கட்டி. பத்து நாளில் இலை நுனி எல்லாம் தீய்ந்துபோனது. மிச்சமிருந்த தூளைப் பிழிந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. (நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.)

650 கிராம் கட்டிக்கு 3, 4 லிட்டர் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள், 8 அல்லது 9 லிட்டர் தூள் வரும். பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, நல்ல தண்ணீர் விட்டு மறுபடி பிழியுங்கள். மூன்று முறை செய்தால் பெரும்பாலான உப்பு போய்விடும். கடைசி முறை ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கால்சியம் நைட்ரேட் கரைத்து இரவு முழுக்க விட்டுப் பிழிந்தால் இன்னும் நல்லது. நார்த்தூள் சோடியத்தையும் சாம்பல் சத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கால்சியம் கொடுத்தால்தான் அவற்றை விடும். வெறும் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் கடைசிப் பங்கு வெளியே வராது.

நாலு தடவை கழுவியாச்சு, இன்னும் தண்ணி டீ மாதிரி வருதே?

வரும். அது மட்டையின் துவர்ப்புச் சாயம். நிறம் போகும்வரை கழுவினால் உங்கள் கைதான் போகும். உப்பு போயிற்றா என்பதே கணக்கு, நிறம் அல்ல.

வாங்கினப்போ ரெண்டு இலை விட்டுச்சு, அதோட நின்னுபோச்சு. என்ன கோபம் அதுக்கு?

பசிதான், வேறென்ன. நர்சரியில் கொடுத்த உரம் தண்டிலும் பழைய வேர்மண்ணிலும் மிச்சம் இருந்திருக்கும். அதை வைத்து இரண்டு இலை விட்டது. அது தீர்ந்ததும் புது இலைக்கு வழியில்லை. அடி இலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகி, மேலே புது இலை சின்னதாக வந்தால் தழைச்சத்துக் குறை என்று எடுத்துக்கொள்ளலாம். செடி பழைய இலையிலிருந்து சத்தை உறிஞ்சிப் புது இலைக்கு அனுப்புகிறது. என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இந்த ஒரு காரணத்தில் முடிந்துவிடும். உரமே போட்டதில்லை என்பார்கள். "வீட்டுச் செடிக்கு உரம் வேணுமாக்கா?" என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள்.

சரி, என்ன உரம், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

உரக்கடையில் 19:19:19 என்று கேட்டால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் தூள் கொடுப்பார்கள். 5 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன், அதாவது லிட்டருக்குச் சுமார் அரை கிராம். வாரம் ஒரு முறை, சாதாரணமாகத் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாக இதை ஊற்றுங்கள், தட்டில் கொஞ்சம் வடியும்வரை. வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சத்தில் இருக்கிற செடிக்கு லிட்டருக்கு ஒரு கிராம்வரை போகலாம். இருட்டு மூலைச் செடிக்கு மாதம் இரண்டு முறை போதும்.

இதில் கால்சியம், மெக்னீசியம் கிடையாது. ஆகவே மாதம் ஒரு வாரம் இதற்குப் பதிலாகக் கால்சியம் நைட்ரேட், இன்னொரு வாரம் மெக்னீசியம் சல்பேட், லிட்டருக்கு அதே அரை கிராம் கணக்கில். கால்சியம் நைட்ரேட்டை மற்ற இரண்டோடும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து வைக்காதீர்கள், பாலாகத் திரிந்து அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். அளவைக் கூட்டினால் சீக்கிரம் வளரும் என்று நினைப்பவர்கள் மேலே பீஸ் லில்லி கதையை இன்னொரு தடவை படிக்கவும். உரமும் ஒரு வகை உப்புதான்.

கெமிக்கல் வேண்டாம்க்கா. அரிசி கழுவின தண்ணி, கடலைப் புண்ணாக்குத் தண்ணி பத்தாதா?

தோட்டத்து மண்ணில் இருந்தால் புண்ணாக்கு அருமையான உரம். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்துச் செடிக்கு ஊட்டும். புது நார்த்தூளில் அந்தக் கூட்டம் குறைவு, இருப்பதும் முதல் பதிலில் சொன்ன மாதிரி தன் வயிற்றைத்தான் பார்க்கும். வீட்டுக்குள் புண்ணாக்குத் தண்ணீர் நாறும், ஈ மொய்க்கும். அரிசி கழுவின தண்ணீரில் சத்து சொற்பம். ஊற்றினால் கெடுதல் இல்லை, அதையே உரம் என்று நம்பி இருக்க வேண்டாம்.

இயற்கை உரம்தான் வேண்டும் என்றால் நடும்போதே மூன்றில் ஒரு பங்கு நன்றாகச் சலித்த மண்புழு உரமும், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலாக இரண்டு பிடி மண்புழு உரம். வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஆனால் இருக்கும்.

மேலே தொட்டா காஞ்சு இருக்கு, தினம் ஒரு டம்ளர் ஊத்துறேன். இருந்தும் சோர்ந்து நிக்குது.

நார்த்தூள் இந்த விஷயத்தில் ஏமாற்றும். மேல் அரை அங்குலம் வெளிறிக் காய்ந்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நீங்கள் ஊற்றும் தினசரி டம்ளர் அடியில் சேர்ந்து, வேருக்குக் காற்றில்லாமல் செய்கிறது. வேர் மூச்சு முட்டினாலும் இலை தொங்கும், தாகத்திலும் தொங்கும். பார்ப்பவர் தாகம் என்றே நினைத்து இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுவார்.

விரலை நம்பாதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியாகக் குறைந்தபின் மறுபடி ஊற்றினால் போதும். ஊற்றும்போது சொட்டுச் சொட்டாக வேண்டாம், அடியில் வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். நம் ஊர் மே மாதத்தில் இது நான்கு நாளுக்கு ஒருமுறை வரலாம், கார்த்திகை மழையில் பத்து நாளும் ஆகலாம். கிழமை வைத்து ஊற்றுவது சரிப்படாது.

ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன். இப்ப தண்ணி ஊத்துனா சர்ருனு கீழ ஓடிடுது.

முழுக்கக் காய்ந்த நார்த்தூள் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடுகிறது. ஒரு பேசினில் நான்கு விரல் தண்ணீர் விட்டுத் தொட்டியை அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டு பழையபடி உப்பிவிடும். உடனே உரம் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

எங்க வீட்டு போர் தண்ணி லேசா உப்பு. நாங்க பழகிட்டோம். செடிக்கும் பழகிடாதா?

பழகாது. என் கணக்கில் நம் கடலோரத்தில் பசிக்கு அடுத்த காரணம் இதுதான். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், முத்தியால்பேட்டை பக்கமெல்லாம் கடலுக்கு எவ்வளவு கிட்டே என்று பாருங்கள். நிலத்தடி நீரை எடுக்க எடுக்க உப்பு உள்ளே வருகிறது. தரையில் நட்ட செடிக்கு மழை வந்து உப்பைக் கீழே தள்ளிவிடும். வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு மழையும் இல்லை, கீழே போக இடமும் இல்லை. செடி தண்ணீரை மட்டும் குடிக்கும், உப்பு தங்கிவிடும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் சேரும். முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் நுனி கருகும், வளர்ச்சி நின்றுபோகும், தூள் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும்.

பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், ஒரு செடி விலைதான் ஆகும். முதலில் ஊற்றுகிற தண்ணீரை அளந்து பாருங்கள். குடிதண்ணீருக்கான இந்தியத் தர அளவில் 500 பிபிஎம்வரை (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000வரை விடுகிறார்கள். தொட்டிச் செடிக்கு நான் 500ஐயே எல்லையாக வைத்திருக்கிறேன். அடுத்து, தண்ணீர் ஊற்றித் தட்டில் வடிந்ததை அளவுங்கள். ஊற்றியது 400, வடிந்தது 700, 800 என்றால் பரவாயில்லை. வடிந்தது 1500ஐத் தாண்டினால் தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துப்போய், தொட்டி கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசிவிடுங்கள். உப்புத் தண்ணீரைத் தவிர்க்க முடியாதவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும். அலசியபின் உரமும் போயிருக்கும், ஆகவே கடைசியாக அரை கிராம் கரைசல் ஒரு முறை.

வில்லியனூர் சுடுமண் தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டியின் வெளிச்சுவரைப் பார்த்தாலே தெரியும். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது இந்த உப்புதான். மண்தொட்டி மூச்சு விடும், வேருக்கு நல்லது. ஆனால் சுவர் வழியே ஈரம் ஆவியாகும்போது உப்பைப் படிய விட்டுப் போகும். பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்குத் தெரியாது.

ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணிய வீணாக்காம செடிக்கு ஊத்துறேன். நல்ல விஷயம்தானே?

நல்ல மனசு, கெட்ட தண்ணீர். மெஷின் உங்கள் டம்ளரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் போகிறது. 900 உள்ளே போனால் வெளியே 1200, 1300 வரும், அளந்து பாருங்கள். அதில் பாத்திரம் கழுவலாம், வாசல் தெளிக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம்.

மழைத் தண்ணீர்தான் இதற்கு நல்ல மாற்று. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடிக் குழாய்க்கு அடியில் ஒரு டிரம் வைத்து, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்து மூடி வையுங்கள். ஏசியிலிருந்து வடிகிற தண்ணீரிலும் உப்பு இருக்காது. அதைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல சாஃப்ட்னர் போட்டுருக்காங்க. சோப்பு நல்லா நுரைக்குது. அப்போ செடிக்கும் நல்ல தண்ணிதானே?

லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் இதைக் கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை, படித்துத்தான் சொன்னேன். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. மாதா மாதம் மூட்டை உப்பு அதில் கொட்டுகிறார்களே, அந்தச் சோடியம்தான். செடிக்குத் தேவையானது போய், தேவையில்லாதது வருகிறது. நார்த்தூளோ சோடியத்தைப் பிடித்து வைக்கும் குணம் உள்ளது. டிடிஎஸ் மீட்டரில் முன்னும் பின்னும் அநேகமாக ஒரே எண் காட்டும் என்பதால் மீட்டரை நம்பியும் பலனில்லை.

சாஃப்ட்னருக்கு முன்னால் தோட்டத்துக்கென்று ஒரு குழாய் பல கட்டடங்களில் இருக்கும், காவலாளியிடம் கேட்டுப் பாருங்கள். கடினத் தண்ணீர் என்று நீங்கள் திட்டுகிற அந்தத் தண்ணீர் செடிக்கு இதைவிட மேல்.

நான் ஆர்ஓ தண்ணி மட்டும்தான் ஊத்துறேன், 19:19:19ம் போடுறேன். இருந்தும் புது இலை சுருண்டு, ஓரம் கருகி வருது.

இது நேர் எதிர்ப் பக்கத்து வினை. உங்கள் தண்ணீரில் கால்சியம் இல்லை, உரத்திலும் இல்லை, இருக்கிற கொஞ்சத்தையும் நார்த்தூள் பிடித்துக்கொள்கிறது (கழுவுவது பற்றிய பதிலைப் பாருங்கள்). கால்சியம் செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு இடம் மாறாது. ஆகவே குறை எப்போதும் குருத்தில்தான் தெரியும். நான்கு வாரத்துக்கு 19:19:19ஐயும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாற்றிக் கொடுங்கள். அல்லது மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீரில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்துவிடுங்கள், போர் தண்ணீரின் சுண்ணாம்பு இங்கே உதவிக்கு வரும். கெட்டுப்போன இலை திரும்பாது, அடுத்து வரும் இலையைப் பாருங்கள்.

புது இலை மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. உரம் பத்தலையா?

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விஷயம். அடி இலை முழுக்க வெளுத்தால் பசி. அடி இலையில் நரம்புக்கு இடையே மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம். குருத்து இலையில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் இரும்பு. தூளில் இரும்பு இருந்தாலும் எடுக்க முடியாத நிலை அது. நார்த்தூளின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 5.5 முதல் 6.5க்குள் இருந்தால் செடிக்கு வசதி. சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றினால் அது 7ஐத் தாண்டிப் போய்விடும், அங்கே இரும்பு கரையாது.

இதற்கு மேலும் உரம் கொட்டினால் உப்புதான் ஏறும். தொட்டியை மழைத் தண்ணீரில் அலசி, கீலேட் செய்த இரும்பு (செடி எடுத்துக்கொள்ளும்படி கரைகிற வடிவில் உள்ளது) என்று உரக்கடையில் கிடைப்பதை பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மிஞ்சாமல் இலையில் தெளியுங்கள். துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் குத்தி வைக்கிற வைத்தியம் இங்கே வேலை செய்யாது. ஆணியின் இரும்பும் கரைந்தால்தானே?

ஹால்ல வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. பேப்பர் படிக்கலாம். அது போதாதா?

நீங்கள் படிக்கப் போதும், செடி சமைக்கப் போதாது. நம் கண் இருட்டுக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும், அதனால் அதன் சாட்சி செல்லாது. வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். டியூப் லைட் எரிகிற அறை சில நூறு லக்ஸ். ஜன்னலை விட்டு நான்கு மீட்டர் உள்ளே, சோபாவுக்குப் பக்கத்தில், பகலிலும் 200கூட வராமல் போகலாம். போனில் லக்ஸ் அளக்கிற இலவசச் செயலி போட்டுப் பாருங்கள், துல்லியம் குறைவானாலும் ஒப்பிட உதவும். என் அனுபவத்தில் மணிபிளான்ட் 500 லக்ஸில் உயிரோடு இருக்கும், 2000க்கு மேல் போனால்தான் கொடி ஓடும். தண்டு மெலிந்து, இலைக்கு இலை இடைவெளி நீண்டு, ஜன்னல் பக்கமே சாய்ந்தால் அளக்கவே வேண்டாம்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் இது இன்னும் கூடுதல். முற்றம் வைத்த வீட்டில் முற்றத்தைச் சுற்றி அருமையான வெளிச்சம், ஒரு சுவர் தாண்டினால் குகை. செடியை முற்றத்து ஓரத்துக்கு நகர்த்தினாலே போதும். இடமில்லாதவர்கள் 18 அல்லது 20 வாட் வெள்ளை எல்இடியைச் செடிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டுத் தினம் 10, 12 மணி நேரம் எரியவிடுங்கள். அதே விளக்கு கூரையில் இருந்தால் பயன் மிகக் குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

வெளிச்சம் குறைந்த செடிக்கு உரத்தையும் தண்ணீரையும் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அது குடிக்காது, தின்னாது. மேலே சொன்ன உப்பும் அழுகலும்தான் வந்து சேரும்.

ஏசி ரூம்ல வச்சதுனால வளரலையா?

24 டிகிரியில் பெரிய கெடுதல் இல்லை. 18 வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குபவர்கள் வீட்டில் செடியும் தூங்கும். நேராகக் காற்றுப் படுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், இலை ஓரம் காயும்.

நர்சரில வாங்கின மண்ணோட அப்படியே நார்த்தூள்ல இறக்கி வச்சேன். மூணு மாசம் ஆச்சு, அசையல.

பிடுங்கிப் பாருங்கள், வேர் அந்த மண் உருண்டையை விட்டு வெளியே வந்திருக்காது. நம் பக்கத்து நர்சரிகளுக்கு வருகிற செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. பயணத்தில் உதிராமல் இருக்க வேரைச் சுற்றிக் களிமண் பிடித்திருக்கும். அதைச் சுற்றி நார்த்தூள் போட்டால் இரண்டும் இரண்டு உலகம். நார்த்தூள் ஈரமாக இருக்கும்போது நடுவில் உருண்டை கல்லாகக் காய்ந்திருக்கும், அல்லது தூள் காய்ந்தபின்னும் களிமண் சேறாகக் கிடக்கும். நீங்கள் தூளைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவீர்கள், வேர் இருப்பதோ உருண்டையில்.

வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, விரலால் களிமண்ணைப் பாதிக்கு மேல் கரைத்து எடுத்துவிட்டு நடுங்கள். வேர் கொஞ்சம் அறுந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு வாரம் நிழலில் வைத்தால் தேறிவிடும். அரேக்கா பனைக்கு மட்டும் கை வைக்க யோசிப்பேன், அதன் வேரைக் கலைத்தால் மாதக்கணக்கில் முறைத்துக்கொள்ளும். அதற்குச் சுற்றிலும் நார்த்தூளோடு செம்மண் கலந்து வைப்பது மேல்.

பெரிய தொட்டியில வச்சா சீக்கிரம் பெருசாகுமே?

வேர் எட்டாத தூள் காயாமல் ஈரமாகவே நிற்கும். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலம் போதும்.

தொட்டியைத் தட்டுனா குட்டிக் கறுப்பு ஈ பறக்குது. அதுதான் வேரைத் தின்னுதா?

ஈ தின்னாது, அதன் புழு தின்னும். பெரும்பாலும் பூஞ்சையை, கூட்டம் பெருகினால் மெல்லிய வேரையும். இளஞ்செடியை அது தடுத்து நிறுத்தும், வளர்ந்த செடிக்கு அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் ஈ இருக்கிறதென்றால் மேல்பரப்பு எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். தினம் ஒரு டம்ளர் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும் மருந்து. மேலே ஒரு அங்குலம் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகினால் மூன்று, நான்கு வாரத்தில் அடங்கும்.

மழைக்காலத்துல நல்ல மழைத்தண்ணி குடிக்கட்டும்னு பால்கனியில வச்சேன். அப்புறம் வெளுத்துப்போச்சே!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது நினைவிருக்கும். அதற்கு இரண்டு வாரம் கழித்து எனக்கு வந்த போட்டோக்கள் எல்லாம் ஒரே மாதிரி, வெளிறிய இலைகள். மழை உப்பை அலசியது உண்மை, அதோடு உரத்தையும் சேர்த்து அலசிவிட்டது. வேர் அழுகிவிட்டதோ என்று பயந்து பலர் உரத்தையும் நிறுத்திவிட்டார்கள். வேரை எடுத்து மோந்து பாருங்கள். வெள்ளையாக, மண் வாசனையோடு இருந்தால் பசிதான், லிட்டருக்கு அரை கிராம் கரைசலில் தொடங்கலாம். பழுப்பாகக் கூழ் மாதிரி உரிந்து நாறினால் அழுகல், அதை வெட்டிவிட்டுப் புதுத் தூளில் வைக்க வேண்டும்.

மார்கழிவரை மேகமூட்டம், குளிர், பகலும் குட்டை. அப்போது வளர்ச்சி குறைவதை நோய் என்று எண்ணி மருந்து தேடாதீர்கள். தை பிறந்து வெயில் ஏறியதும் துளிர்க்கும்.

எல்லாம் நீங்க சொன்னபடி பண்றேன். என் இசட்இசட் செடி ஆறு மாசமா அப்படியே நிக்குது.

அது அப்படித்தான். கிழங்கில் தண்ணீரையும் சத்தையும் சேர்த்துவைத்துக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு, மூன்று குருத்து விடுவதே அதற்குப் பெரிய காரியம். நாம் மருள் என்று சொல்லும் ஸ்னேக் பிளான்ட்டும் அந்த ஜாதிதான். இந்த இரண்டுக்கும் வெறும் நார்த்தூள் எனக்குப் பிடிக்காது, ஈரம் அதிகம். பாதிக்குப் பாதி ஆற்று மணலோ பெர்லைட்டோ (தண்ணீர் வடியச் சேர்க்கும் லேசான வெள்ளைக் குருணை) கலந்து வையுங்கள். வேகமாக வளர்வதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு சிங்கோனியம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு வருஷமா நல்லாத்தான் வளர்ந்துச்சு. எதையும் மாத்தல, ஆனா இப்ப நின்னுபோச்சு. இது என்ன கதை?

நீங்கள் மாற்றவில்லை, தூள் மாறிவிட்டது. இரண்டு வருடத்தில் நார்த்தூள் மெல்ல மக்கி, மாவாகி, அடியில் இறுகிவிடும். தொட்டியில் மட்டம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். காற்றுப் போக வழியில்லாமல் அடிப்பாதி சதா ஈரமாக நிற்கும். அதோடு வேரும் சுற்றிச் சுற்றி வளர்ந்து தொட்டியை நிறைத்திருக்கும். செடியை எடுத்து, அடியில் மாவானதை உதிர்த்துவிட்டுப் புதுத் தூளில் வையுங்கள், நான்கில் ஒரு பங்கு பெர்லைட்டோ உமிக்கரியோ சேர்த்து.

எடுத்த பழைய தூளை எறிய வேண்டாம். அழுகல் இல்லாத தொட்டியிலிருந்து வந்தது என்றால் சலித்து, அலசி, வெயிலில் காயவைத்து, மாடியில் கீரைத் தொட்டி மண்ணோடு கலந்துகொள்ளலாம். இரண்டு வருடம் மக்கியதால் முதல் பதிலில் சொன்ன தழைச்சத்துத் திருட்டும் குறைந்திருக்கும். என் வீட்டில் சிறுகீரை அதில்தான் போகிறது.